முரளிதரனின் முழங்கை: ஐயமும் அளவையும்

பந்தைக் கையினின்று விடும் முறை ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெயர்பெற்ற பேஸ்பால் ஆட்டத்தில் முழங்கையை மடக்கி, பின் வெடுக்கென நீட்டிப் பந்தை எறியலாம். கிரிக்கெட்டிலோ அது குற்றம். கை தோள்மட்டத்துக்கு உயர்ந்த பின், பந்து கையைவிட்டு நீங்கும்வரை, மடங்கிய முழங்கையை நிமிர்த்தலாகாது என்பதே பழைய விதி. மீறினால் நடுவர் ‘நோ பால்’ என்று அறிவிப்பார். இவ்விதியால் ஒரு தமிழரின் விளையாட்டு வாழ்வே முறிந்துபோக இருந்தது. அவர்தாம் இலங்கையின் முத்தையா முரளிதரன்.

முரளிதரன் 1972 ஏப்ரல் 17-ல் கண்டியில் பிறந்தார். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து சென்றவர். தந்தையார் பிஸ்கட்டுத் தொழில் நடத்தியவர். புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றபோது முதலில் வேகப்பந்து வீசிய அவர், பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோவின் அறிவுரைப்படி பதினான்காம் வயதில் சுழற்பந்துக்கு மாறினார். 1992-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கொழும்பில் தம் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடினார்.

1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் திடலில், பெருங்கூட்டத்தின் முன்னிலையில், நடுவர் டாரல் ஹேர் அவருடைய பந்துகளை ஏழு முறை ‘நோ பால்’ என்றார். பந்தை எறிகிறார் என்ற பழி ஒரு வீச்சாளரின் நேர்மைக்கே இழுக்கல்லவா?

உண்மை யாது? முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது. தோளும் மணிக்கட்டுமோ வழக்கத்துக்கு மிஞ்சி வளையக் கூடியவை. வளைந்த கை வேகமாகச் சுழலும்போது, ஒரு பக்கமிருந்து பார்ப்பவருக்கு அது மடங்கி நிமிர்வதுபோல் தோன்றும். 1996-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்து, எறிவதாகத் தெரிவது கண்மயக்கே என்றனர். எனினும் ஐயம் ஓயவில்லை. 1999-ல் அடிலெய்டில் மற்றொரு நடுவரும் குறை கூறவே, அணித்தலைவர் ரணதுங்கா தம் ஆட்டக்காரர்களைத் திடலின் எல்லைவரை அழைத்துச் சென்றுவிட்டார்.

2004-ல் அவருடைய ‘தூஸ்ரா’ என்னும் புதுவகைப் பந்தில் முழங்கை சுமார் 14 பாகை நிமிர்வதாக அளக்கப்பட்டது. அக்காலத்தில் சுழற்பந்தாளருக்கு 5 பாகையே வரம்பு. ஆயினும் பிற வீச்சாளர்களையும் அதே கருவிகளால் அளந்தபோது, பழியற்றவர் எனப் போற்றப்பட்டோர் பலரின் முழங்கையும் ஓரளவு நிமிர்வதே வெளிப்பட்டது. வெறுங்கண்ணுக்கு அது புலப்படவில்லை, அவ்வளவே. எனவே 2005-ல் யாவருக்கும் 15 பாகை என ஒரே வரம்பு வகுக்கப்பட்டது. ஒருவருக்காக விதியை வளைத்தனர் என்பாரும் உளர். ஆனால் ஒருவரை மட்டும் ஐயுற்றதன் பயனாக, அனைவருக்கும் பொதுவான அளவுகோல் கிடைத்தது என்பதே பொருந்தும்.

இதற்கிடையே இங்கிலாந்தின் லங்காஷயர் குழு அவரை ஊதியத்துக்கு அழைத்தது. 1999-ல் அக்குழுவுக்காக ஒரு சில ஆட்டங்களிலேயே 66 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பின்னர் கென்ட் குழுவுக்கும், 2008 முதல் சென்னைக் குழுவுக்கும் ஆடினார். 2010 ஜூலையில் காலி நகரில், தம் 133-ஆவது டெஸ்ட் பந்தயத்தில், இறுதியாக வீசிய பந்திலேயே 800-ஆவது விக்கெட்டைப் பெற்று ஓய்ந்தார். அவ்வெண்ணிக்கையை வேறெவரும் எட்டியதில்லை.

கண்டதும் குற்றம் சாட்டுதல் எளிது. அளந்தபின் தீர்ப்புக் கூறுதலே அறிவுடைமையாம்.