கலப்பினக் குதிரைகளின் சவாரிக் குணங்கள்

1968ஆம் ஆண்டு மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில், குதிரையேறித் தடை தாண்டும் போட்டியில், நெடிய பெருங்குதிரைகளுக்கிடையே மட்டக்குதிரை ஒன்றும் களமிறங்கியது. ஸ்ட்ரோலர் என்பது அதன் பெயர். குதிரையின் உயரத்தைத் தலைவரை அளப்பதில்லை. கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுவரைதான் அளப்பார்கள். அவ்வளவு 148 செ.மீ.க்கு மேற்படாதவையே போட்டி விதிகளின்படி மட்டக்குதிரைகள். அந்த அளவுக்குள் அடங்கிய ஸ்ட்ரோலர், மரியன் கோக்ஸ் என்னும் 21 வயது ஆங்கிலேய மங்கையைச் சுமந்து, பெருங்குதிரைகளுக்கென்று அமைத்த தடைகளைத் தாண்டித் தனிநபர் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்தது.

இச்சிறு குதிரைக்கு இத்தனை ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஸ்ட்ரோலர் ஒரு கலப்பினம். அயர்லாந்தின் கானமாரா மட்டக்குதிரையும், தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரையும் அதன் மரபில் கலந்திருந்தன. இத்தகைய கலப்புகளைக் குதிரை வளர்ப்போர் பல நூற்றாண்டுகளாகச் செய்து வருகின்றனர். அவற்றின் மீது ஏறி அமர்ந்தால் சவாரி எப்படி இருக்கும்? அக்குணங்கள் எவ்வாறு அமைகின்றன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இனமும் கலப்பும்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக் கொள்வோம். குதிரையும் கழுதையும் வெவ்வேறு உயிரினங்கள். குதிரையின் உயிரணுவில் 64 குரோமோசோம்கள் உள்ளன, கழுதைக்கு 62. இரண்டும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அதனால்தான் கோவேறு கழுதை பெரும்பாலும் மலடாக இருக்கிறது. நாம் இங்கே பேசுவது அந்தக் கலப்பு அன்று. அரபுக் குதிரை, கானமாரா, தரோபிரெட் யாவும் ஒரே உயிரினத்தின் வெவ்வேறு இனங்கள். இவற்றைக் கலந்தால் பிறக்கும் குட்டிக்கும் 64 குரோமோசோம்களே. அதுவும் வளர்ந்து குட்டி ஈனும்.

இன்று தூய இனம் என்று போற்றப்படுவன பலவும் பழைய கலப்புகளே. தரோபிரெட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் பெட்டைக் குதிரைகளோடு, கீழை நாடுகளிலிருந்து கொண்டுவந்த பொலிகுதிரைகளைச் சேர்த்து உருவாக்கிய இனம் அது. இன்றைய தரோபிரெட்டுகளின் ஆண்வழி மரபு பையர்லி டர்க், டார்லி அராபியன், காடல்பின் அராபியன் என்ற மூன்று பொலிகுதிரைகளில் போய் முடிகிறது. 1791இல் இவ்வினத்துக்கென்று மரபேடு அச்சாயிற்று. பின்னர் ஏட்டில் இடம்பெற்ற குதிரைகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால், குணங்கள் நிலைபெற்று அது தனி இனமாயிற்று.

சேணத்தில் நாம் உணர்வது எது?

குதிரைக்கு நான்கு முக்கிய நடைகள் உண்டு. மெதுவான நடையில் நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொடும். அடுத்தது துள்ளோட்டம். இதில் வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒரு சோடி. மற்றவை இரண்டும் இன்னொரு சோடி. ஒரு சோடியிலிருந்து மறு சோடிக்குக் குதிரை தாவுவதால் சவாரி செய்பவர் மேலும் கீழுமாகத் தூக்கிப் போடப்படுவார். மூன்றாவதான மென்பாய்ச்சலில் மூன்று தாளம் கேட்கும். ஊஞ்சலில் ஆடுவது போலிருக்கும். நான்காவது நாலுகால் பாய்ச்சல்.

எல்லாக் குதிரைகளுக்கும் இந்நடைகள் உண்டென்றாலும், எல்லாவற்றின் சவாரியும் ஒன்றாக இருப்பதில்லை. தோள் எலும்பு சாய்வாக இருந்தால் முன்னங்கால் நன்கு நீண்டு விழும்; அடி நீளமாகும். தோள் செங்குத்தாக இருந்தால் அடி குறுகி, சவாரி குலுக்கும். குளம்புக்குச் சற்று மேலேயுள்ள எலும்புப் பகுதி வண்டியின் வில் போன்றது. அது ஓரளவு நீண்டு சரிந்திருந்தால் அதிர்ச்சியைத் தாங்கிக் கொள்ளும். குட்டையாய் நிமிர்ந்திருந்தால் அதிர்ச்சி நேரே நம் இடுப்புக்கு வந்து சேரும். விலா அகன்றிருந்தால் அமர்வதற்கு உறுதியான இருக்கை கிடைக்கும்; ஆனால் கால்கள் மிக விரிந்து தொடை வலிக்கும். இவற்றோடு குதிரையின் சுபாவமும் சேர்கிறது. கணுக்கால் லேசாகப் பட்டாலே பாயும் குதிரையும் உண்டு. இருமுறை தட்டிய பின்பே நகரும் குதிரையும் உண்டு.

தோளின் சாய்வு, காலின் வில், விலாவின் அகலம், நரம்பின் கூர்மை என்ற இவை யாவும் பெருமளவு மரபுவழி வருபவை. ஆனால் ஒரே மூட்டையாகக் கட்டி வருவதில்லை, தனித்தனியே வருகின்றன. கலப்பினத்தின் சிறப்பும் சிக்கலும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

பெயர் பெற்ற சில கலப்புகள்

கானமாரா என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள பாறையும் சதுப்பும் நிறைந்த பகுதி. அங்கு வளர்ந்த மட்டக்குதிரை எந்த இடத்தில் கால் வைக்கலாம் என்பதைத் தானே பார்த்துக் கொள்ளும். குளம்பு கெட்டி, தீனி குறைவு. இதனோடு தரோபிரெட்டைச் சேர்த்தால் அடியின் நீளமும் வேகமும் கூடுகின்றன. நல்ல கலப்பாக அமைந்துவிட்டால், இளைஞரும் உயரமில்லாத பெரியவரும் அச்சமின்றி ஏறலாம். திரும்புவதில் சுறுசுறுப்பும் தடையை அளந்து தாவும் நிதானமும் ஒன்றாகக் கிடைக்கும்.

ஐரிஷ் வேட்டைக் குதிரை இதைவிடப் பெரியது. அயர்லாந்தின் உழவர்கள் ஏர் உழவும் வண்டி இழுக்கவும், தேவைப்பட்டால் சேணம் பூட்டிச் சவாரி செய்யவும் வளர்த்த குதிரை ஐரிஷ் டிராஃப்ட். அதன் பெட்டையோடு தரோபிரெட் பொலிகுதிரையைச் சேர்த்துப் பெறுவதே இக்கலப்பு. பருமனான எலும்பும் அகன்ற மார்பும் உடையதாகையால் கனமான ஆளையும் நாள் முழுதும் சுமக்கும். வரப்பு, பள்ளம், வேலி எது எதிர்ப்பட்டாலும் பதறாது. தடுமாறும் வேளையில் இதற்கு ஐந்தாவது கால் ஒன்று முளைத்துவிடும் என்று சவாரிக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இன்னும் வேகம் வேண்டுவோர் இக்கலப்பினப் பெட்டையை மீண்டும் தரோபிரெட்டோடு சேர்த்து முக்கால் கலப்பைப் பெறுகின்றனர். அதில் வேகம் கூடும். பதற்றமும் சற்றுக் கூடலாம்.

ஆங்கிலோ அராபியன் என்பது தரோபிரெட்டும் அரபுக் குதிரையும் கலந்தது. பிரான்சில் பாம்பதூர் அரசுப் பண்ணையில் 19ஆம் நூற்றாண்டில் இதனைத் திட்டமிட்டு வளர்த்தனர். குறைந்தது 25 விழுக்காடு அரபு மரபு இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. குதிரைப்படைக்கு உகந்ததாகக் கருதப்பட்ட இவ்வினம், நெடுந்தொலைவுக்குக் களைக்காமல் செல்லும். அடி இலேசாக விழும். ஆனால் சவாரி செய்பவரின் ஒவ்வோர் அசைவையும் இது ஆணையாக எடுத்துக் கொள்ளும். கடிவாள வாரைப் பற்றித் தொங்கும் புதியவருக்கு இது ஏற்றதன்று; கை பழகியவருக்கோ விருந்து.

அர்ஜென்டீனாவின் போலோ குதிரை, கிரியோல்லோ என்னும் நாட்டுக் குதிரையும் தரோபிரெட்டும் கலந்த வழியில் வந்தது. கிரியோல்லோவின் உறுதிக்குச் சான்று வேண்டுமா? எய்மே சிஃபெலி என்பவர் மாஞ்சா, காட்டோ என்ற இரண்டு கிரியோல்லோக்களுடன் 1925இல் புவனோஸ் அயர்ஸிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 16,000 கி.மீ. கடந்து, 1928இல் அமெரிக்க ஐக்கிய நாட்டை அடைந்தார். போலோவில் கடிவாளம் இடக்கையில், வலக்கையில் மட்டை. முழு வேகத்தில் பாய்ந்து, சட்டென்று நின்று, நின்ற இடத்திலேயே திரும்பி மறுபடியும் பாயும் குதிரைதான் வேண்டும். வேகம் ஒரு பக்கத்திலிருந்தும் உறுதி மறு பக்கத்திலிருந்தும் வந்தன.

சென்னைத் துறைமுகத்தோடு தொடர்புடைய கலப்பும் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் தரோபிரெட், அரபு, தைமூர் மட்டக்குதிரை, பார வண்டிக் குதிரை எனப் பலவும் கலந்து உருவான குதிரைகளை, 19ஆம் நூற்றாண்டில் இந்தியப் படைகளுக்காகக் கப்பலில் ஏற்றிவந்து இங்கும் இறக்கினார்கள். "வேல்ஸ்" என்பதிலிருந்து "வேலர்" என்ற பெயர் பிறந்தது இந்தியாவில்தான். 1917 அக்டோபர் 31 அன்று பாலஸ்தீனத்தின் பீர்ஷெபாவில், நெடுநேரம் தண்ணீர் காணாத வேலர்கள் தம் வீரர்களைச் சுமந்து பாய்ந்து பதுங்கு குழிகளைக் கடந்தன. முதல் உலகப் போருக்காக ஆஸ்திரேலியாவை விட்டுச் சென்ற குதிரைகள் 1,30,000க்கும் மேல். நாடு திரும்பியதாக அறியப்படுவது ஒன்றே ஒன்று.

சரிபாதி என்பதன் பொருள்

"பாதி அரபு இரத்தம்" என்று சொல்லும்போது பாலும் தண்ணீரும் கலந்தாற்போல் நினைத்துவிடக் கூடாது. கலப்பது இரத்தமன்று, மரபணுக்கள். முதல் தலைமுறைக் குட்டி ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் சரிபாதி பெறுகிறது. ஆனால் அக்குட்டி வளர்ந்து தன் குட்டிக்குத் தரும்போது, தன் தாய் வழியில் வந்ததையும் தந்தை வழியில் வந்ததையும் கலைத்துப் போட்டு, அதில் பாதியைத்தான் தருகிறது. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவது போல, எந்தச் சீட்டு எவர் கைக்கு வரும் என்று சொல்ல இயலாது.

இதை விளக்க ஒரு மரபணுவே போதும். இஸ்லாந்துக் குதிரைகளில் சில, ஒரே பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்து வீசிப் பக்கநடையாக ஓடும். இதற்கு டி.எம்.ஆர்.டி.3 என்னும் மரபணுவின் மாறுபட்ட வடிவம் காரணம் என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். முதுகுத்தண்டில் கால்களின் அசைவை ஒழுங்குபடுத்தும் நரம்பணுக்களோடு தொடர்புடையது அது. பக்கநடைக்கு, தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டு பிரதிகளும் மாறிய வடிவமாக இருக்க வேண்டும். அத்தகைய குதிரையை மாறுபாடே இல்லாத இனத்தோடு சேர்த்தால், குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதிதான் வரும். அதனால் பாதிப் பக்கநடை வந்துவிடாது, பக்கநடையே போய்விடும். அக்குட்டிகளைத் தம்முள் சேர்த்தால், நான்கில் ஒன்றுக்கு இரண்டு பிரதிகள், இரண்டுக்கு ஒரு பிரதி, ஒன்றுக்கு எதுவுமில்லை என்ற விகிதம் அமையும்.

ஒரு மரபணுவுக்கே இப்படியென்றால், தோளுக்கும் காலுக்கும் சுபாவத்துக்கும் பொறுப்பான எண்ணற்ற மரபணுக்களை நினைத்துப் பாருங்கள்! முதல் தலைமுறைக் குட்டிகள் ஓரளவு ஒன்றுபோல் இருக்கும். ஒரு பக்கத்துக் குறையுள்ள மரபணுவை மறு பக்கத்து நல்ல மரபணு மறைத்துவிடுவதால் உடலுறுதியும் கூடலாம். இதைக் கலப்பின வீரியம் என்பர். இரண்டாம் தலைமுறையிலோ குணங்கள் சிதறும். கனத்த உடலுக்கு மெல்லிய கால், சோம்பல் உடலுக்குப் பதறும் நரம்பு என்று பொருந்தாச் சேர்க்கைகளும் பிறக்கும். வீரிய ஒட்டு விதையில் விளைந்த தானியத்தை மறுபடி விதைக்காமல், ஆண்டுதோறும் புது விதை வாங்குகிறாரே நம் உழவர், காரணம் இதுவே.

போலோ விளையாட்டில் இதை மிகத் தெளிவாகக் காணலாம். அர்ஜென்டீனாவின் அடோல்போ காம்பியாசோவிடம் குவார்த்தெத்தேரா என்ற சிறந்த பெட்டை இருந்தது. அது ஈனும் குட்டி அதைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதி ஏது? ஆகவே அதன் உடலணுவிலிருந்து நகல் குதிரைகளை உருவாக்கினார்கள். 2016இல் நடந்த அர்ஜென்டீன ஓபன் இறுதி ஆட்டத்தில் அவர் ஆறு நகல்கள் மீது மாறி மாறி ஏறி ஆடி வென்றார்.

தாய் இனம் தேய்ந்தால்

முதல் தலைமுறைக் கலப்பே நம்பத்தக்கது என்றால், அதைப் பெற ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்திலும் தூய இனம் இருந்தாக வேண்டும் அல்லவா? இங்குதான் ஒரு முரண்பாடு ஏற்படுகிறது. ஒரு பெட்டைக் குதிரை பதினொரு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். வேட்டைக் குதிரைக்கு விலை அதிகம் என்று ஐரிஷ் டிராஃப்ட் பெட்டையைத் தரோபிரெட்டுடன் சேர்த்தால், அந்த ஆண்டு ஒரு தூய ஐரிஷ் டிராஃப்ட் குட்டி பிறக்காமல் போகிறது. கலப்புக்கு எவ்வளவு மதிப்போ, அவ்வளவுக்குத் தாய் இனம் தேய்கிறது. போர்களாலும் டிராக்டர் வரவாலும் முன்பே குறைந்திருந்த ஐரிஷ் டிராஃப்ட், இதனாலும் சேர்ந்து, இன்று அருகிவரும் இனங்களில் ஒன்றாகிவிட்டது. அதைக் காக்க 1976இல் அயர்லாந்தில் ஒரு சங்கம் தோன்றியது. வேலர் குதிரைக்கும் இதே கதிதான். படைகளில் மோட்டார் வண்டி வந்தபின் கேட்பாரற்றுப் போன அதற்கு 1986இல்தான் ஆஸ்திரேலியாவில் சங்கம் அமைந்தது. வெளிநாட்டுக் காளைகளோடு கலந்து கலந்து நம் நாட்டு மாட்டினங்கள் குறைந்ததைக் கண்ட நமக்கு இது விளங்காததன்று.

குதிரையேற்றப் பள்ளியில் "இது அரைக்கலப்பு, அது முக்கால் கலப்பு" என்று சொல்லக் கேட்டால், அந்தக் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். குதிரையை நடக்கவிட்டு, அடி எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். துள்ளோட்டத்தில் எவ்வளவு குலுக்குகிறது, கைக்கும் காலுக்கும் எவ்வளவு விரைவாகப் பதில் சொல்கிறது என்று ஏறிப் பாருங்கள். அந்தச் சவாரி உங்களுக்குப் பிடித்துப்போனால் அதன் தாய் எந்த இனம் என்று கேளுங்கள். அத்தகைய பெட்டைகள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்பதையும் கேளுங்கள். நாளைக்கு அப்படியொரு குதிரை பிறப்பது அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது.