உங்கள் பிள்ளையின் கண்ணும் முதுகும்

உங்கள் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது பிழை விடுகிறதா? பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுகிறதா? ஓதும்போது எழுத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு குனிகிறதா? "படிப்பில் கவனமில்லை" என்று ஏசுவதற்கு முன் சற்று யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே! அந்தப் பிள்ளைக்கு எழுத்தே சரியாகத் தெரியாமல் இருக்கலாம்.

பார்வை குறைந்த பிள்ளை அதைத் தானாகச் சொல்வது அரிது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் மங்கலாகத் தெரிகிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். முதுகெலும்பு வளையத் தொடங்கும் பிள்ளையும் சொல்லாது. ஆரம்பத்தில் பெரும்பாலும் அதில் வலி இராது. பிள்ளை சொல்லாத இத்தகைய குறைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காகத்தான் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடத்தப்படுகிறது.

பாடசாலையில் நடப்பது என்ன?

நமது நாட்டில் தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புப் பிள்ளைகள் பரிசோதிக்கப்படுகிறார்கள். 200க்கும் குறைந்த மாணவர்கள் உள்ள சிறிய பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து உயரம், நிறை, கண், காது, பல், இருதயம், தோல், எலும்பு என்று பார்க்கிறார்கள். இதற்குக் கட்டணம் எதுவுமில்லை.

கண்ணைப் பரிசோதிக்க, பெரிதிலிருந்து சிறிதாக எழுத்துகள் அச்சிட்ட அட்டையைப் பயன்படுத்துவார்கள். 1862இல் நெதர்லாந்து நாட்டுக் கண் வைத்தியர் ஸ்னெலன் அமைத்த முறை இது. பிள்ளையை 6 மீற்றர் தூரத்தில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் வாசிக்கச் சொல்வார்கள். 6/6 என்றால் நல்ல பார்வை. 6/12 என்றால், நல்ல பார்வையுள்ளவர் 12 மீற்றரிலிருந்து வாசிக்கும் எழுத்தை உங்கள் பிள்ளை 6 மீற்றருக்கு வந்துதான் வாசிக்கிறது என்று பொருள்.

குறை காணப்பட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லி வீட்டுக்குத் துண்டு வரும். பரிசோதனையின் பலன் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அது புத்தகப் பையின் அடியிலேயே கிடந்து மடிந்துபோனால், பாடசாலையில் பட்ட பாடெல்லாம் வீண்.

கண்ணாடி என்றால் ஏன் பயம்?

"கண்ணாடி போட்டால் கண் இன்னும் பழுதாகும்" என்று சிலர் சொல்வார்கள். இது உண்மையல்ல. வைத்தியர் எழுதித்தந்த கண்ணாடி கண்ணைக் கெடுக்காது. அதைப் போடாமல் விட்டால் பார்வை தானாகத் தேறவும் மாட்டாது. சீனாவின் கிராமப்புறப் பாடசாலைகளில் பார்வை குறைந்த பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய கணிதப் புள்ளிகள் கூடியதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு கவலையும் வந்துவிடுகிறது. "இந்த வயதிலேயே கண்ணாடியா? நாளைக்குக் கலியாணம் பேசும்போது என்ன சொல்வார்கள்?" என்று உம்மம்மாவிலிருந்து சாச்சி வரை கேட்பார்கள். யாரோ ஒருவர் என்றோ சொல்லப்போகும் வார்த்தைக்காக, இன்று வாசிக்க முடியாமல் தவிக்கும் பிள்ளையைக் கைவிடலாமா?

காலம் கடந்தால் திரும்பாத குறையும் உண்டு. ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்திருந்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றதையே நம்பத் தொடங்கும். இதைச் 'சோம்பல் கண்' என்பார்கள். மாறுகண்ணாலும் இது வரும். கண்ணாடி கொடுத்தும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடியும் வைத்தியம் செய்வார்கள். 7 வயதுக்கு முன் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். பிந்தப் பிந்தப் பலன் குறையும்.

முதுகை யார் பார்ப்பது?

முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் குறைக்கு 'ஸ்கோலியோசிஸ்' என்று பெயர். 10 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட வளைவையே இக்குறையாகக் கணக்கெடுப்பார்கள். பிள்ளை திடீரென வளரும் 10 முதல் 15 வயதுக்குள் இது பெரும்பாலும் தெரியவரும். வைத்தியம் தேவைப்படும் அளவுக்கு வளைவு கூடுவது பெண் பிள்ளைகளிடமே அதிகம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தரம் 7இல் ஒரு பரிசோதனை. அடுத்தது தரம் 10இல். இடையில் 3 வருடங்கள். வளைவு வேகமாகக் கூடக்கூடிய காலமும் அதுவே. அந்த வயதில் பிள்ளை நீண்ட சீருடையும் பர்தாவும் அணிந்திருப்பதால் ஆசிரியையின் கண்ணுக்கும் முதுகு தெரியாது. எனவே அதைப் பார்க்கக்கூடியவர் உம்மாவாகிய நீங்கள்தான்.

வளரும் பருவத்தில் 25 முதல் 40 பாகை வரையான வளைவுக்கு, உடலை இறுக்கிப் பிடிக்கும் பட்டி அணிவிப்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், பட்டி அணிந்தவர்களில் 100க்கு 72 பேருக்கு வளைவு சத்திரசிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போகவில்லை. அணியாதவர்களில் 48 பேருக்கே அப்படி அமைந்தது. வளர்ச்சி நின்ற பின் பட்டியால் பயனில்லை.

பாரமான புத்தகப் பையால் இந்த வளைவு வருவதில்லை. ஆனால் முதுகு வலியும் தோள் வலியும் வரலாம். பையின் பாரம் பிள்ளையின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தோளிலும் மாட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

* சுவரில் தொங்கும் கலண்டரை ஒரு கண்ணை மூடி வாசிக்கச் சொல்லுங்கள். பின் மற்றக் கண். ஒன்றில் மட்டும் தடுமாறினால் காட்ட வேண்டும்.

* 10 வயதிலிருந்து 3, 4 மாதத்துக்கு ஒரு முறை மகளின் முதுகைப் பாருங்கள். ஒரு தோள் உயர்ந்திருக்கிறதா? ஒரு தோள்பட்டை எலும்பு தள்ளி நிற்கிறதா? கால்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டு முன்னே குனியச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் வைத்தியரிடம் போங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இதையே செய்யுங்கள்.

* பிள்ளை தினமும் வெளியே, பகல் வெளிச்சத்தில் விளையாடட்டும். சீனாவின் குவாங்சோ நகரில் பாடசாலை நாட்களில் 40 நிமிடம் மேலதிகமாக வெளியே விட்ட பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை புதிதாக வருவது குறைந்ததை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. பெண் பிள்ளைகளையும் அடைத்து வைக்காதீர்கள்.

* பரிசோதனை நாளில் வெட்கத்துக்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். பெண் பிள்ளையின் அருகில் ஆசிரியை ஒருவர் நிற்க வேண்டுமென்று அதிபரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

* துண்டு வந்தால் அந்த வாரமே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடி வாங்க வசதியில்லையென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி உதவி கேளுங்கள்.

வருடத்தில் ஒரு நாள் வைத்தியர் பாடசாலைக்கு வருவார். மற்ற நாட்களில் பிள்ளையைப் பார்ப்பது நீங்கள்தான். இன்று பிள்ளை வீடு வந்ததும், அதன் புத்தகப் பையை ஒரு முறை திறந்து பாருங்கள்.