தென்னைக்கு மேலே ஒரு காற்றாலை

ராஜபாளையம் பக்கத்து வன்னியம்பட்டிக்காரர்களுக்குக் காற்றாலை புதிதல்ல. தென்காசிப் பக்கம் போனால் சுரண்டை, கடையநல்லூர் வெளிகளில் வரிசையாக நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என மலை தாழ்ந்த இடங்களில் மட்டும் அது நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பாய்கிறது. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

அவை நிறுவனங்களின் ராட்சதர்கள். நம் தோட்டத்துக்கு ஒன்றை நாமே செய்துகொள்ள முடியுமா? முடியும். காற்றில் மின்சாரம் எடுத்த கதையே அப்படித்தான் தொடங்கியது. 1887-ல் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத், விடுமுறை வீட்டின் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாலையை நிறுத்தி வீட்டுக்கு விளக்கேற்றினார். மிச்ச மின்சாரத்தை ஊர்த் தெருவுக்குத் தருகிறேன் என்றபோது, பேயின் வேலை என்று ஊர் மறுத்துவிட்டது.

அதே ஸ்காட்லாந்தின் ஹியூ பிகட், யாரும் பட்டறையில் செய்யக்கூடிய ஒரு வடிவத்தை உலகத்துக்குக் கொடுத்தார். ஆரோவில்லின் ‘மின்வாயு’ என்ற குழு அந்த வழியில் இங்கேயே காற்றாலைகள் செய்து, செய்யவும் கற்றுக்கொடுத்தது. கார் ஆல்டர்நேட்டரை மாட்டினால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் உருப்படியாக மின்சாரம் தரும். காற்றில் இறக்கை சுற்றுவதோ சில நூறு சுற்றுகள். அதனால் பிகட் மெதுவாகச் சுற்றும் ஜெனரேட்டரையே வடிவமைத்தார். இரண்டு இரும்புத் தட்டுகளில் வலிமையான நியோடிமியம் காந்தங்கள். நடுவே பிசினில் வார்த்த செம்புக் காயில்கள். காயிலுக்குள் இரும்பு இல்லாததால் காந்தம் அதைப் பிடித்து இழுக்காது, மெல்லிய காற்றிலும் இறக்கை தயங்காமல் கிளம்பும். ராஜபாளையம் மில்கள் நிறைந்த ஊர். மோட்டார் காயில் கட்டுபவர், லேத் பட்டறைக்காரர், மரம் இழைக்கும் ஆசாரி மூவரும் அங்கேயே கிடைப்பார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்?

காற்று வேண்டும். வியப்பு இங்கேதான். 2 மீட்டர் விட்டமுள்ள இறக்கை, விநாடிக்கு 4 மீட்டர் காற்றில் ஏறக்குறைய 30 வாட் தரும். காற்று 8 மீட்டரானால் 60 வாட் அல்ல, 240 வாட்! வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. ஆகவே இறக்கையை நயமாகச் செதுக்குவதைவிட, நல்ல காற்று வீசும் உயரத்தைப் பிடிப்பதே முக்கியம். வன்னியம்பட்டிப் பக்கத்துத் தோப்புகளை நினைத்துப் பாருங்கள். தென்னையின் மறைவில் காற்று வலுவிழந்து சுழலும். சுற்றியுள்ள மரங்களைவிடப் பத்து மீட்டராவது மேலே இறக்கை நிற்க வேண்டும் என்பார்கள். செலவில் பெரும்பங்கு கம்பத்துக்கும் இழுகம்பிகளுக்கும்தான் போகும். மொட்டை மாடியில் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். அதிர்வு சுவரையும் விடாது.

ஆடிக்காற்றைத் தாங்கவும் வழி வேண்டும். பிகட்டின் வடிவத்தில் வால் சாய்ந்த கீலில் தொங்கும். காற்று மிஞ்சினால் அது தானே மடங்கி, இறக்கை பக்கவாட்டில் திரும்ப வழிவிடும். மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி நிறைந்த பிறகு, மிச்சத்தை வெப்பமாக்கிக் கழிக்க ஒரு ஹீட்டர் வேண்டும். அதற்குப் பதில் பேட்டரியைச் சட்டென்று கழற்றினால் பாரம் இல்லாத இறக்கை கட்டுமீறிச் சுற்றும். மடங்கும் வால், ஹீட்டர் இந்த இரண்டிலும் சிக்கனம் பார்க்கவே கூடாது.

சோலார் பேனல் மலிந்துவிட்ட இன்று, காசுக்கு அதுதான் கூடுதல் மின்சாரம் தரும். ஆனால் ஆடி இரவுகளில் பேனல் தூங்கும், காற்று தூங்காது. இரண்டையும் ஒரே பேட்டரியில் இணைப்பதுதான் சரி. செய்து பார்க்க ஆசையுள்ளவர்கள் செம்புக் கம்பி வாங்குவதற்கு முன், உயரமான ஒரு குழாயின் உச்சியில் காற்றுமானியைக் கட்டி ஓராண்டு அளந்து பாருங்கள். சராசரி விநாடிக்கு 4 மீட்டருக்குக் குறைந்தால் அந்தப் பணத்தைப் பேனலில் போடுங்கள்.