தறிக்கூடத்தில் காணத்தக்கவை

ஆய்வுக்காகச் சங்கத்திற்கு வரும் அலுவலர் முதலில் கேட்பது ரொக்கப் புத்தகம். அடுத்தது இருப்புப் பதிவேடு. இவற்றில் ஏறாத அருமைகள் சில உறுப்பினர்களின் தறிக்கூடத்திலேயே உள்ளன. நாள்தோறும் காண்பதால் நாம் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

நூல் சிப்பத்தின் மீது '80' என்று அச்சிட்டிருக்கும். 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் 80 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதே அவ்வெண்ணின் பொருள். பெருக்கினால் 67,200 கஜம், அதாவது 61 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. சென்னை எழும்பூரிலிருந்து செங்கற்பட்டு வரை இரயில் பாதையோரமாக இழுத்துச் சென்றாலும் நூல் மிஞ்சும். எடையோ அரைக் கிலோவிற்கும் குறைவு! நீண்ட இழைப் பருத்திக்கு ஏன் கூடுதல் விலை என்பது பயிரிடும் உறுப்பினர்களுக்கு இதனால் விளங்கும்.

தறிக்குழியும் கால் வைப்பதற்கு மட்டும் வெட்டிய பள்ளமன்று. தரையை ஒட்டிய பாவிற்கு மண்ணின் ஈரம் கிட்டுகிறது. வறண்ட பருத்தி இழை எளிதில் அறும்; ஈரம் ஏற்றது தாங்கும்.

எனினும், எனக்கு மிகுந்த வியப்பளிப்பவை தறியின் மேல் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளே. துளையுள்ள இடத்தில் ஊசி புகும். அதற்குரிய கொக்கி உயர்ந்து பாவிழையைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும். இழை கிடந்தபடியே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை வீதம் மலரும் மயிலும் இவ்வாறே உருவாகின்றன. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு, முன்னோர் முயற்சிகளைத் திருத்தி 1804-இல் இதனை அமைத்தார். 1830-களில் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு இவ்வட்டை முறையையே கைக்கொண்டார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கும் துளையிட்ட அட்டைகளைக் கொண்டே தொகுக்கப்பட்டது. கணிப்பொறியின் மூதாதை நம் கூரையின்கீழ்த் தூசி படிந்து ஆடிக்கொண்டிருக்கிறது எனலாம்.

அதனை நாம் நடத்தும் விதந்தான் வருந்தத்தக்கது. ஒரு கரைக்கு விற்பனை குறைந்தால் அட்டைக் கட்டு பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போகிறது. மின்னணு ஜக்கார்டு வந்துவிட்ட இடங்களில் பழைய கட்டுகளைக் கேட்பாரே இல்லை. வரைபடத்தாளும் இல்லையேல், அக்கரையை மீண்டும் விரும்பி ஆள் வரும் நாளில், பழைய சேலை ஒன்றைத் தேடிப்பிடித்து, இழை இழையாக எண்ணிப் புதிதாக வரைய வேண்டியதே. ஆதலின் கட்டின் முதல் அட்டையில் கரையின் பெயரையும் கொக்கிகளின் எண்ணிக்கையையும் எழுதி, ஒரு சாண் துணியை மாதிரியாக இணைத்து, கரையான் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். செயலாளர்கள் இருப்புப் பதிவேட்டில் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்குவார்களாக. ஆய்வுக்கு வரும்போது அப்பக்கத்தையும் கேட்போம்.