மீட்டர் இருண்டால் பணம் கொடுக்கும் முன்

சாவியைத் திருப்பினால் மீட்டர் போர்டில் ஒரு விளக்கும் எரிவதில்லை. கராஜுக்குக் கொண்டுபோனால், "முழு மீட்டரையும் மாத்தணும்" என்கிறார்கள். காவத்தையிலோ தெரணியகலையிலோ தோட்டத்துக்கு வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல நாள் உழைப்பு. சம்மதம் சொல்லும் முன் கொஞ்சம் பொறுங்கள். பல வேளைகளில் கோளாறு மீட்டருக்கு வெளியேதான் இருக்கும்.

முதலில் பெட்டரி. எஞ்சின் நின்று சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12-க்குக் கீழே போனால் பெட்டரி தளர்ந்துவிட்டது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். அடுத்தது பியூஸ். பெட்டி மூடியில் உள்ள வரைபடத்தில் மீட்டருக்கான பியூஸ் எது என்று இருக்கும். எரிந்திருந்தால் அதே அம்பியரில் புதிது போடுங்கள். செப்புக் கம்பியோ சிகரெட் பெட்டி வெள்ளித்தாளோ சுற்றி ஓட்டுவது வயரையே பற்றவைக்கும் வேலை. புதிய பியூஸும் உடனே எரிந்தால் எங்கோ ஷோர்ட் இருக்கிறது. அதற்குமேல் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு தவறுதலாக அடிமட்டத்துக்குப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களிலும் திரையை எழுப்புவது சிறிய 12 வோல்ட் பெட்டரிதான். அது தளர்ந்தால் பெரிய பெட்டரி நன்றாக இருந்தும் திரை இருண்டே கிடக்கும். செம்மஞ்சள் நிறக் கேபிளை மட்டும் தொடவே கூடாது; அதில் உயிராபத்தான உயர் மின்னழுத்தம் இருக்கிறது. 2004 முதல் 2009 வரை வந்த பிரியஸில் மீட்டர் அணைந்துபோவது உலகமறிந்த கோளாறு. உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கப்பாசிட்டரை மாற்றியே பலர் அதைச் சரிசெய்திருக்கிறார்கள். எனவே, "திறந்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

இரத்தினபுரிக்காரர் கவனிக்க வேண்டியது வெள்ளம். 2003 மே, 2017 மே மாதங்களில் களு கங்கை பெருகியது யாருக்கும் மறந்திருக்காது. தண்ணீர் ஏறிய வாகனத்தின் சாவியைத் திருப்பாதீர்கள். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, தண்ணீர் நின்ற மட்டம் தெரியப் படம் எடுத்து, வாகனத்தை நகர்த்தும் முன் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் உங்கள் வாகனத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்புறுதியிலும் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பத்திரத்தைப் பாருங்கள். வெள்ளத்தில் கிடந்த வாகனத்தின் கனெக்டர்கள் மாதக்கணக்கில் உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டிருக்கும். பழைய வாகனம் வாங்கும்போது சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துச் சேறு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள்.

மீட்டர் இல்லாமல் ஓட்டலாம் என்று நினைப்பது ஆபத்து. எண்ணெய் அழுத்தம், எஞ்சின் சூடு, பிரேக் எதற்கும் எச்சரிக்கை வராது. யட்டியாந்தோட்டையிலிருந்து கினிகத்தேனை ஏறும் வழியிலோ பலாங்கொடைப் பாதையிலோ பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அப்படிப் போகவே கூடாது.

இனி உங்கள் உரிமை. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. சேவையைக் கவனத்துடனும் திறமையுடனும் செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டம். பில்லில் என்ன வேலை, என்ன பார்ட்ஸ், எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய மீட்டரையும் கேட்டு வாங்குங்கள். பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பாவித்த மீட்டர் வேறொரு வாகனத்தின் கிலோமீற்றரைக் காட்டும். பழைய எண், புதிய எண் இரண்டும் பில்லில் இல்லாவிட்டால், நாளை வாகனத்தை விற்கும்போது கிலோமீற்றரைக் குறைத்தவர் என்ற பழி உங்கள் மேல் விழும்.

உத்தரவாதம் மீறப்பட்டால், பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். விவரம் கேட்க 1977. காப்புறுதி மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள். தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம்.

சிங்களம் எழுதத் தெரியாது என்பதற்காக நம் ஆட்கள் பலர் முறைப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. சப்ரகமுவையில் நிர்வாகம் சிங்களத்தில் நடந்தாலும், அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமிழிலேயே எழுதுங்கள், பில்லின் பிரதியை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.