நுண்கட்டுப்படுத்திகளில் நேரப்பிழை தாங்கும் தொடர் தகவல்தொடர்பு

நேரப்பிழை தாங்கும் தொடர் தகவல்தொடர்பு என்பது, அனுப்பும் சில்லின் கடிகாரமும் பெறும் சில்லின் கடிகாரமும் சற்று வேறுபட்டு ஓடினாலும் தரவைச் சரியாகக் கொண்டுசேர்க்கும் முறைகளைக் குறிக்கும். ஏடிடைனி85 போன்ற சிறிய நுண்கட்டுப்படுத்திகளில் இதன் தேவை அதிகம். அதற்கு எட்டே கால்கள். வெளிப் படிகம் இணைத்தால் அவற்றில் இரண்டு போய்விடும். எனவே பலர் உள்ளேயுள்ள ஆர்சி அலையியற்றியையே பயன்படுத்துகின்றனர். அதன் 8 மெகாஹெர்ட்சு அதிர்வெண், தொழிற்சாலை அளவீட்டில் 10 விழுக்காடு வரை கூடவோ குறையவோ செய்யலாம். பயனர் சரிசெய்தால் 1 விழுக்காட்டுக்குள் அடக்கலாம். ஆனால் வெப்பநிலையோ மின்னழுத்தமோ மாறினால் மீண்டும் நகரும்.

யூஆர்ட் முறையின் வரம்பு

யூஆர்ட் முறையில் கடிகாரத்துக்கெனத் தனிக் கம்பி கிடையாது. ஓய்வில் உயர்நிலையில் இருக்கும் கம்பி தாழ்நிலைக்கு இறங்குவதே தொடக்கம். அந்த இறக்கத்திலிருந்து பெறுநர் தன் கடிகாரத்தால் எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கம்பியின் நிலையைப் படிக்கும். தொடக்க பிட், 8 தரவு பிட்கள், நிறுத்த பிட் எனில், கடைசியாகப் படிக்கும் இடம் 9.5 பிட் தொலைவில் இருக்கும். அதற்குள் சேரும் பிழை அரை பிட்டைத் தாண்டக் கூடாது. 0.5 ஐ 9.5 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5.3 விழுக்காடு. இது இரு முனைகளுக்கும் சேர்த்த கணக்கு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஏவிஆர் தரவுத்தாள் பரிந்துரைப்பது 2 விழுக்காடே.

வரம்பு மீறும்போது முதலில் கெடுவது கடைசி பிட்களே. பெறுநரின் கடிகாரம் சுமார் 6 விழுக்காடு மெதுவாக ஓடினால், எட்டாம் தரவு பிட்டைப் படிக்க வேண்டிய நேரத்தில் நிறுத்த பிட்டைப் படித்துவிடும். 'A' என்னும் எழுத்தின் குறியெண் 65. அது 193 ஆக வந்துசேரும். எழுத்துகள் 128 கூடி வந்தால் நிரலைக் குடைவதற்கு முன் கடிகாரத்தைச் சோதிப்பது நல்லது.

படிகம் இருந்தாலே போதும் என்பதும் சரியன்று. ஏவிஆரில் 16 மெகாஹெர்ட்சை 16 ஆல் வகுத்து, பின் ஒரு முழுவெண்ணால் வகுத்தே வேகம் கிடைக்கும். 115200 க்கு மிக நெருங்கிய முழுவெண் 9. கிடைப்பதோ 111111, அதாவது 3.5 விழுக்காடு குறைவு. 14.7456 மெகாஹெர்ட்சு என்ற விந்தையான படிகம் விற்கப்படுவது இதனால்தான்: அதில் 8 ஆல் வகுத்தால் மிச்சமே இராது.

அளந்து பின்பற்றுதல்

வாகனங்களில் பயன்படும் லின் தடத்தில், தலைமைக் கணு ஒவ்வொரு செய்திக்கும் முன் 0x55 என்னும் பைட்டை அனுப்புகிறது. அதில் 0, 1 மாறிமாறி வருவதால் ஐந்து இறக்கங்கள் கிடைக்கும். முதல் இறக்கத்துக்கும் ஐந்தாவதுக்கும் இடையே சரியாக 8 பிட் நேரம். துணைக் கணு அதை அளந்து 8 ஆல் வகுத்துத் தன் வேகத்தைப் பொருத்திக்கொள்ளும். ஆகவே 14 விழுக்காடு வரை பிசகிய ஆர்சி கடிகாரமும் இங்கே செல்லும்.

பிட்டுக்கு ஒரு தொடக்கம்

டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி பயன்படுத்தும் ஒன்-வயர் முறை வேறு வழியில் செல்கிறது. ஒவ்வொரு பிட்டையும் தலைமைச் சில்லே ஓர் இறக்கத்தால் தொடங்கிவைப்பதால், பிழை அடுத்த பிட்டுக்குத் தொடர்வதில்லை. எழுதும்போது 1 முதல் 15 மைக்ரோவினாடி தாழ்நிலை எனில் 1. 60 முதல் 120 எனில் 0. இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதால் மென்பொருளாலேயே இயக்கலாம். விலை வேகத்தில்தான்: ஒரு பிட்டுக்குக் குறைந்தது 60 மைக்ரோவினாடி செலவாகிறது.