ஊரார் தரும் சிறுநீரகம்

சிறுநீரகம் செயலிழந்தால் பெரும்பாலும் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். வீட்டில் பொருத்தமானவர் கிடைக்காவிட்டால், இறந்தவரின் உறுப்புக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு சமூகம் முனைந்தால் இந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம் என்பதற்கு இஸ்ரேல் சான்று. 2008இல் வந்த சட்டம் அங்கே உறுப்பு வியாபாரத்தைத் தடைசெய்தது. தானம் தருபவர் இழக்கும் வருமானத்துக்கு ஈடு தரவும் வழிசெய்தது. அடுத்த ஆண்டே, மாற்றுச் சிறுநீரகம் பெற்றுப் பிழைத்த யூத மதகுரு (ரபி) யெஷயாஹு ஹெபர், முன்பின் தெரியாதவருக்கும் சிறுநீரகம் தர முன்வருவோரைத் திரட்டும் ‘மத்னத் ஹாயிம்’ அமைப்பைத் தொடங்கினார். 2020இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அமைப்பின் வழியே நடந்த மாற்றுச் சிகிச்சைகளோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பணமல்ல, நம்பிக்கைதான் இங்கே வேலை செய்தது. தெரிந்த மதகுரு கேட்கிறார். ஏற்கெனவே தந்த பக்கத்து வீட்டுக்காரர் நல்லபடியாக நடமாடுகிறார்.

ஆபத்தே இல்லையா? உண்டு. துளைவழி அறுவையில் ஒரு சிறுநீரகத்தை எடுத்ததும் மற்றது சற்றுப் பெருத்து வேலையை ஏற்றுக்கொள்ளும். ஆனாலும் பத்தாயிரத்தில் மூவர் அளவுக்கு உயிரிழப்பு பதிவாகியிருக்கிறது. அதனால்தான் பரிசோதனையிலேயே பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் வேறு: தருபவர்களில் பலர் ‘யூதருக்கு மட்டும்’ என்று நிபந்தனை போடுகிறார்கள். நெருடத்தான் செய்கிறது. ஆனால், மகனுக்குத் தரும் தாயை யாரும் பாரபட்சக்காரி என்பதில்லை. மேலும், ஒருவர் இப்படிச் சிகிச்சை பெற்றுவிட்டால், இறந்தவரின் உறுப்புக்காகக் காத்திருக்கும் பொதுவரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர், எந்த மதத்தவரானாலும், ஓர் இடம் முன்னேறுகிறார். அந்தப் பொதுவரிசைக்குள் நிபந்தனை நுழையாதவரை இந்த ஏற்பாட்டை நான் ஏற்பேன்.